காதில் இயர் பிளக்

மூக்கண்டப்பள்ளியிலிருந்து கம்பெனி டூர் பஸ்ஸில் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போனோம். பக்கத்து சீட்டில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஆபரேட்டர் ஒருவர். பேசுகிறவர் உதட்டையே பார்ப்பார். லீவு நாளிலும் காதில், மெஷின் சத்தத்துக்கு அடைக்கும் ஆரஞ்சு நிற இயர் பிளக். பஸ்ஸே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

கோட்டையில் எல்லோரும் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். கடல் பக்கத்து மதிலோரம் நாங்கள் இரண்டு பேர்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு, அலைகளைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார்.

"சத்தம் வருதுங்களா சார்?"

தலையாட்டினேன்.

"எப்படி இருக்கு?"

கையை அலைபோல ஏற்றி இறக்கிக் காட்டினேன்.

"இதை மாட்டியிருந்தா, அதனாலதான் கேக்கலைன்னு நெனைச்சுக்குவாங்க. ஆபீஸ்ல சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா சத்தம் கம்மியான வேற லைன்ல போட மாட்டாங்க, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். பதறிப்போய் முதலில் பிளக்கை மாட்டிக்கொண்டார்.