கத்தி தொங்கிய தூண்

ஈஸ்ட் ஹாம் மீன்கடைத் தம்பி என் விளைமீனுக்காகக் கத்தி தீட்டத் தொடங்கியபோது, கடை வானொலியில் இரு வல்லரசுகளின் கடைசி அணு ஆயுத ஒப்பந்தமும் காலாவதியான செய்தி போய்க்கொண்டிருந்தது. இனி ஒருவருடைய ஏவுகணைகளை மற்றவர் போய் எண்ணிப் பார்க்க ஏற்பாடில்லையாம்.

கத்தி தீட்டும் கரகரப்பில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அப்பாவும் பக்கத்து வீட்டு அம்பலம் மாமாவும் வேலிச் சண்டையில் கொடுவாக்கத்தி தூக்கியவர்கள். ஊரார் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தார்கள்: இரு கத்திகளும் மற்ற வீட்டுக்குத் தெரியும்படி அவரவர் கிணற்றடித் தூணில் தொங்க வேண்டும். காலையில் வேலிப் பொட்டின் ஓட்டையால் எட்டிப் பார்த்து அப்பாவிடம் சொல்வது என் வேலை. நான் இதுவரை வகித்த உயர்ந்த பதவி அதுதான்.

ஒருநாள் மாமாவின் தூண் வெறுமையாக இருந்தது. சொன்னேன். அப்பா தூணிலிருந்து தன் கத்தியைக் கழற்றினார். கிணற்றடியின் பாசி மணமும் என் காற்சட்டை நனைந்த சூடும் இன்னும் நினைவிருக்கின்றன.

அம்மாதான் வேலிக்கு மேலால் கூப்பிட்டாள்: "அம்பலமண்ணை, கத்தி எங்கை?"

"பலாப்பழம் வெட்டுறன் பிள்ளை! ஏன், உங்களுக்கும் வேணுமோ?"

அப்பா கத்தியைத் திரும்பவும் தூணில் கொழுவினார். முதல் இரண்டு தடவை தவறியது. ஏவுகணைகளுக்கு நடுவில் அப்படிக் கூப்பிட்டுக் கேட்க இப்போது யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபடி மீன்கடைத் தம்பியின் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெட்டி முடிஞ்சுது அண்ணை. இன்னும் என்ன பாக்கிறியள்?"

"கத்தியை எங்கை கொழுவுறீர் எண்டு பாக்கிறன், தம்பி."

தம்பி சிரித்தார். கத்தி மேசைக்குக் கீழே, என் கண்ணுக்கு எட்டாத எங்கேயோ போனது.