டயர் உருட்டிப் போன பயல்

எங்கள் ஜீப்புக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் பெருமை பேசுவார். நான்கும் நான்கு பக்கமாக இழுக்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அவரும் என் தங்கை புருஷனும் சேர்ந்து அரசாங்க ஏலத்தில் எடுத்த வண்டி அது. சகலபாடிகள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கினால் எப்படி இருக்கும் என்பதற்குச் சாட்சியாக, பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஓடிய நாளைவிட நின்ற நாள் அதிகம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் மேல்கம்பியில் துணி காயப்போடுவேன். அந்த வகையில் உபயோகமான வண்டிதான்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எழுமலைப் பக்கம் தோட்டத்தில் இருந்த என் அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது. வலது கண் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. இடது கண்ணில் ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது. மதுரையில் கொண்டுபோய்க் காட்டியபோது, ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் கத்தி வைத்தும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிணற்றுக்குள் இறங்கி நல்ல பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டவர் அப்பா. ஆனால் கண்ணில் கத்தி என்றால் மனிதருக்குக் கைகால் ஆடிப்போகும். அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டார். முதலில் அறுப்பு என்றார், பிறகு விதைப்பு என்றார், ஆடு சினையாக இருக்கிறது என்றார், ஆடு குட்டி போட்ட பிறகு பல்லி சொல்லிவிட்டது என்றார். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. தோட்டத்துக்கு அவரைப் பார்க்கப் போயிருந்த ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. சோற்றுத் தட்டை வைத்த வேகத்தில் குழம்பு சிந்தியது. “நீங்க குருடாப் போனா யாருப்பா பாக்குறது?” என்று கத்தி அழுதுவிட்டேன். அம்மா போன பிறகு எனக்கு அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார்.

“சரி ஆத்தா, வாரேன். ஆனா பஸ்ஸுல வர மாட்டேன், வாடகைக் காருலயும் வர மாட்டேன். மாப்பிள்ளைக ரெண்டு பேரும் அவுக ஜீப்புல வந்து கூப்பிட்டுப் போகட்டும். வார வியாழக்கிழம. போற வழியில தடங்கல் எதும் வந்துச்சுன்னு வையி, சாமி வேணாங்குதுன்னு அர்த்தம். வண்டியத் திருப்பிறணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கப்படாது.”

எனக்கு அவருடைய சூட்சுமம் புரிந்துவிட்டது. அந்த ஜீப் ஒரு தடவைகூட எழுமலைக்கு ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியதில்லை. கண் தெரியாவிட்டாலும் வண்டியை அவர் நன்றாகப் பார்த்து வைத்திருந்தார்.

அந்த வாரம் வண்டியின் முன்பக்கம் வேறு ஆட்டம் கண்டிருந்தது. எங்கள் தெருமுனை மெக்கானிக் வந்து ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். விழப்போகும் பல்லைப்போல ஆடியது.

“அண்ணே, ஹப்பு ரெண்டும் போச்சுண்ணே. பேரிங் உக்காருற எடமே தேஞ்சு போச்சு. வேற ஹப்புதான் போடணும்.”

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு நடுவில் குடம் இருக்கிறதே, அதுபோல ஜீப் சக்கரத்துக்கு ஹப். அது ஆடினால் சக்கரம் ஆடும். மெக்கானிக் பழைய சாமான் கடையில் தேடி இரண்டு நல்ல ஹப்புகளை வாங்கிக் கொடுத்தார். நட்டுகள் அதிலேயே மாட்டியிருந்தன. கொடுத்த கையோடு, மைத்துனன் கல்யாணத்துக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமைதான் வருவேன் என்று பஸ் ஏறிவிட்டார். என் வீட்டுக்காரரும் தங்கை புருஷனும் பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே ஓடினார்கள். நானும் போனேன். ஜன்னல் வழியே அவர் பாடம் நடத்தினார்.

“இதுல ஒன்னு எடது, ஒன்னு வலது. எடது ஹப்புல நட்ட எடப்பக்கமாத் திருப்புனாத்தான் இறுகும். வலதுல வலப்பக்கம். ஓடுற ஓட்டத்துல நட்டு தானாக் கழண்டுறாம இருக்க அந்தக் காலத்துல செஞ்ச ஏற்பாடு. மாத்தி மாட்டிறாதீகண்ணே!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். எதிலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு தலைகள் ஒன்றாக ஆடியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

புதன்கிழமை இருவரும் லீவு போட்டார்கள். காலையிலிருந்து சுத்தியல் சத்தத்தில் தெருவே எழுந்து வந்து நின்றது. உள்ளே இருந்த பெரிய நட்டுக்கு ஸ்பேனர் இல்லாமல் உளியை வைத்து அடித்தார்கள். உள்ளங்கையில் கிரீஸை அள்ளி, பேரிங்குக்குள் சந்துபொந்தெல்லாம் திணித்தார்கள். என் வீட்டுக்காரருக்கு முழங்கை வரை கிரீஸ், தங்கை புருஷனுக்குக் காது வரை. ஒரு மாதத்துக்கு அரைத்து வைத்திருந்த சீயக்காய் அன்று சாயந்திரத்தோடு தீர்ந்தது.

வேலை என்னவோ ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஒரே ஒரு தப்பு. இரண்டு பேரும் ஜீப்புக்கு எதிரே, அதன் முகத்தைப் பார்த்துக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இடது எதுவோ, அது வண்டிக்கு வலது.

“சகல, இது எடது. நட்டு எடப்பக்கந்தான் இறுகுது, பாத்துக்கங்க.”

“அப்ப இது வலது. மெக்கானிக்கு சொன்னபடியே இருக்கு சகல!”

இரண்டு பேருக்கும் அம்புட்டு சந்தோஷம். என் வீட்டுக்காரருக்கு நில அளவை ஆபீசில் வேலை. எவன் வரப்பு எவன் பக்கம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இடக்கை வலக்கை சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நான். பக்கத்திலேயே பழந்துணியும் கையுமாக நின்றேன். எனக்கும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை எழுமலை போய்ச் சேர்ந்தோம். போகும்போதே இடது முன்சக்கரத்தில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம்.

“புதுசுல்ல, பழக நாளாகும். புதுப் பொண்டாட்டி மாதிரி,” என்றார் என் வீட்டுக்காரர்.

“பழகுன பொண்டாட்டி அதுக்கு மேல சத்தம் போடுவா, ஒழுங்கா ஓட்டுங்க,” என்றேன்.

அப்பா வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். ஜீப் சத்தம் கேட்டதும் முகம் தொங்கிவிட்டது. “வந்துட்டீகளா மாப்பிள்ள?” என்று கேட்ட விதத்தில், வராமல் இருந்திருக்கலாமே என்பதும் இருந்தது. சொன்ன வாக்கு, தட்ட முடியவில்லை. ஏறி முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தார். நானும் தங்கை புருஷனும் பின்னால்.

உசிலம்பட்டி தாண்டிவிட்டோம். செக்கானூரணி வருவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் புளியமரம் நிற்கிற ரோடு. ‘டக் டக்’ சத்தம் சட்டென்று நின்றது. அப்பாடா என்று நான் மூச்சுவிடுவதற்குள் அப்பா வெளியே கையை நீட்டினார்.

“அடேங்கப்பா! எவனோ ஒரு பய டயர உருட்டிக்கிட்டு நம்மளையே முந்திப் போறாம் பாரு!”

எட்டிப் பார்த்தேன். டயர் போனது உண்மை. பயல்தான் இல்லை.

அடுத்த கணம் வண்டி இடது பக்கம் தொபுக்கென்று இறங்கி, ரோட்டைக் கொஞ்ச தூரம் உழுதுவிட்டு நின்றது. நல்லவேளை, வேகம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இரண்டு வருஷம் நான் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்த என் அப்பாவின் கண், எங்களுக்கு முன்னால் உருண்டு பருத்திக் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“என்ன மாப்பிள்ள, என்னாச்சு?”

“பள்ளம் மாமா,” என்றார் என் வீட்டுக்காரர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “பெரிய பள்ளம்.”

“இந்த ரோட்டுல என்னைக்குப் பள்ளமில்லாம இருந்துச்சு?” என்றார் அப்பா சாதாரணமாக. பள்ளத்தையும் தடங்கலில் சேர்த்தால் எங்கள் பக்கம் யாரும் எங்கேயும் போக முடியாது. “அந்தப் பய எங்கத்தா?”

“காட்டுக்குள்ள எறங்கிட்டாம்ப்பா.”

“டயர் மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. ஆளத் தெரியலையே?”

“சின்னப் பயப்பா. டயரு ஒசரந்தான் இருப்பான்.”

பொய் சொன்னதற்காகப் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிறவள் நான். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. அப்பா சிரித்தார். “சின்னப்புள்ள முன்னால ஓடுனா நல்ல சகுனந்தான்,” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

வண்டியைப் பள்ளத்திலிருந்து தூக்க வேண்டும் என்று சொல்லி அவரை இறக்கிப் புளியமரத்தடியில் உட்கார வைத்து, வெற்றிலையை மடித்துக் கொடுத்தேன். தங்கை புருஷன் பருத்திக் காட்டிலிருந்து சக்கரத்தை உருட்டி வந்தார். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பொம்பளை இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தாள். ரோட்டில் தேடியதில் ஐந்து நட்டில் மூன்றுதான் கிடைத்தது. மிச்சத்துக்கு இடது பின்சக்கரத்து நட்டைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்கள், ஏறவில்லை. வலது பின்சக்கரத்து நட்டு வழுக்கிக்கொண்டு ஏறியது. என் வீட்டுக்காரர் நட்டையும் தன் இரண்டு கையையும் ஜீப்பின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சகல, நாம வண்டிக்கு எதுக்க உக்காந்துல்ல மாட்டுனோம்?”

ஜாக்கிக் கம்பியை எடுத்து இரண்டு மண்டையிலும் ஒன்று போட்டிருப்பேன். அப்பா காதில் விழுமே. ஒருத்தரைக் குசுகுசுவென்று திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கிருந்து மதுரைக்கு ஊர்ந்து வந்தோம். மைலுக்கு ஒரு தடவை நிறுத்தி நட்டை இறுக்க வேண்டும். இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றணும் என்று ஒருதரம், பூ வாங்கணும் என்று ஒருதரம். அதற்கு மேல் காரணம் கிடைக்காமல், சின்ன மாப்பிள்ளை ஒன்றுக்குப் போகணும் என்றோம். அதையே நாலு தடவை சொன்னோம். நாகமலை தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

“சின்ன மாப்பிள்ளைக்கு நீர் வியாதி இருக்கும்போல ஆத்தா. போற எடத்துல அதையும் காட்டிரு.”

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ஆபரேஷன் அன்று காலையில் என் கையை இறுக்கிப் பிடித்தார். “அந்தப் பய மாதிரி ஒரே ஓட்டமா ஓடிட்டு வந்துருவேன்ல?” என்றார். “வந்துருவீங்கப்பா,” என்றேன். அவர் உள்ளே போனதும் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். இல்லாத பயலைப் பிடித்துக்கொண்டு என் அப்பா போகிறாரே என்று இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு வார்டு முழுக்க அந்தக் கதையைச் சொன்னார். இரண்டாம் நாள் ஜீப் நாற்பது மைல் வேகத்தில் போனது. மூன்றாம் நாள் பயலுக்குச் சிவப்புச் சட்டை வந்துவிட்டது. கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்திருந்தான்.

ஊரிலிருந்து வந்த மெக்கானிக் ஹப்புகளைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினார். கோபப்படவில்லை. இரண்டு பேரையும் ஜீப்புக்குள் உட்காரவைத்து, “எடது கையைத் தூக்குங்கண்ணே” என்று மட்டும் சொன்னார்.

ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில் இருந்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடியோடு அப்பா ஊருக்குக் கிளம்பினார். அதே ஜீப், அதே ஆட்கள். ரோட்டோரப் பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தார். செக்கானூரணி தாண்டிப் புளியமரங்கள் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். அந்தப் பயலுக்குக் கடலைமிட்டாய்.

எனக்கு உயிரே போய்விட்டது. நாங்கள் தடுப்பதற்குள் இறங்கிப் பருத்திக் காட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏத்தா, இங்கன டயர் உருட்டுற பய எந்த வீட்டுப் புள்ள?”

அதே பொம்பளை நிமிர்ந்தாள். “டயர் உருட்டுற பயலா? அப்பிடி யாரும் இல்லையே. ஒருநா ஒரு ஜீப்புச் சக்கரந்தான் தனியாக் கழண்டு வந்து எங்க பருத்தியில விழுந்துச்சு. ரெண்டு பேரு நட்டத் தேடித் தவழ்ந்து திரிஞ்சாக. அவுக கூட வந்த பெரியவரு ஒருத்தரு, ஒன்னுந் தெரியாத மாதிரி மரத்தடியில உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு இருந்தாரு!”

அப்பா மெல்லத் திரும்பினார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் இம்புட்டுப் பெரிதாகத் தெரிந்தன. என்னைப் பார்த்தார். மாப்பிள்ளைகளைப் பார்த்தார். இருவரும் ஜீப்பின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குனிந்து இடது முன்சக்கரத்தைப் பார்த்து, ஐந்து நட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு கடலைமிட்டாயை அவர்கள் கையில் வைத்தார்.

“உருட்டுன பயலுகளுக்குத்தான வாங்குனேன்.”

நான் வாயைத் திறக்கப் போனேன். “யப்பா, நாந்தான்...”

“விடு ஆத்தா,” என்றார். “அன்னைக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா, இன்னைக்குத் தெரிஞ்சிருக்காது.”

சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.