தொடாதீங்க

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மொன்றியலில் ஒரு மனிதரை நான் ஒரு மணித்தியாலம் பிந்த வைத்தேன். பிந்த வைத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவர் பிந்தப் போகிறார் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போதும் அதை நினைத்தால் கையிலிருக்கும் தேநீர் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். நல்லவள் என்று பெயரெடுப்பதற்காக இதை நான் எழுதவில்லை.

அப்போது பல் வைத்தியர்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பனியில் வேலை. கணினிப் பகுதியில் இரண்டே பேர். மேலாளர் சென்னைக்காரர், நான் யாழ்ப்பாணத்தாள். ஜனவரியில் தகுதிகாண் காலத்தில் சேர்ந்தேன். ஏப்ரல் முடிய நிரந்தரமாக்கிக் கடிதம் தருவார்கள் என்பது பேச்சு. அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என் கணவர் வவுனியாவில் இருந்தார். வயிற்றில் பிள்ளையோடு நான் முதலில் வந்துவிட்டேன், அவர் பின்னால் வருவதாக ஏற்பாடு. மகளுக்கு அப்போது நாலு வயது. தகப்பன் என்றால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி. நிரந்தர வேலைக் கடிதத்தோடு வந்தால்தான் கணவரை அழைக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பத்தை அனுப்புவேன் என்று வழக்கறிஞர் ஒற்றைக்காலில் நின்றார்.

அந்த வருடம் வசந்த கால நேரமாற்றத்தை மூன்று கிழமை முந்தி வைத்தார்கள். வழக்கமாக ஏப்ரல் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் கூட்டி வைப்போம், இப்போது மார்ச் இரண்டாம் ஞாயிறு. மனிதர்களுக்குச் சொன்னால் விளங்கும். கணினிக்கு யார் சொல்வது? புதிய கணினிகளுக்குத் திருத்தம் தானாக வந்து இறங்கியது. கிடங்கில் லேபிள் அடிக்கும் பதினொரு பழைய கணினிகளுக்கு அது வரவில்லை. அவற்றின் தலைக்குள் பழைய ஏப்ரல்தான் இருந்தது.

எனக்கு இந்தத் தலையிடி புதிதல்ல. எங்கள் நாட்டில் அரசாங்கம் ஒருமுறை நேரத்தை மாற்றியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி மாறவில்லை. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் புது நேரம், அந்தப் பக்கம் பழைய நேரம். எங்கள் சனம் எதற்கும் 'புது நேரமோ, பழைய நேரமோ?' என்று கேட்டுவிட்டுத்தான் புறப்படும். இடையில் இருந்தது அரை மணித்தியாலம்தான். அதைக் கவனியாமல் பஸ்ஸைத் தவறவிட்டு, சாவடி மூடிய பிறகு வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். ஆகவே மணிக்கூடு விஷயத்தில் நான் விளையாடுகிறவள் அல்ல.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"பதினொண்டுக்கும் நேர விதியை மாத்தி எழுதவேணும். ஒரு பின்னேரம் காணும் எனக்கு."

"அதெல்லாம் வேணாம்மா. கையால ஒரு மணி நேரம் கூட்டி வச்சிடுங்க. அவ்ளோதான்."

"அப்பிடி வைச்சா ஏப்ரலிலை அது தானா இன்னொருக்கா கூட்டும். நேரத்தைத் தானா மாத்திற பெட்டியிலை இருக்கிற சரி அடையாளத்தையாவது எடுத்துவிடட்டோ?"

"செட்டிங்ஸ் எதையும் தொடாதீங்க. பாத்துக்கலாம்."

தொடாதீங்க. அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது கை விரலை மேசைமேல் ஒரு தட்டுத் தட்டுவார். நான் தொடவில்லை. தகுதிகாண் காலத்தில் இருப்பவள் எதைத்தான் தொடுவாள்?

ஏப்ரல் முதல் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை நான் சொன்னது அப்படியே நடந்தது. பதினொரு கணினிகளும் இரண்டாம் தடவையாக ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொண்டன. மூன்று மணிக்குப் பிறகு வரும் ஓடரை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடும்படி எழுதப்பட்ட மென்பொருள், உண்மையில் இரண்டு மணியாக இருக்கும்போதே எல்லாவற்றையும் தள்ளத் தொடங்கியது. லாரி பாதி வெறுமையாகப் போனது. செவ்வாய் காலை லவாலில் இருந்து சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை பல் வைத்தியர்கள் தொலைபேசியில் கத்தினார்கள். மரத்துப்போகச் செய்யும் ஊசி இல்லாமல் வாயைத் திறந்து வைத்திருக்கும் நோயாளியை என்ன செய்வது என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

முதலாளி ஒரு கியூபெக் பெண்மணி. எல்லோருக்கும் அவர் மடாம். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேலாளர் என் பக்கம் திரும்பாமலே ஆங்கிலத்தில் சொன்னார்: அந்தச் சரி அடையாளத்தை எடுக்கும்படி நான் இவரிடம் தமிழில் தெளிவாகச் சொன்னேன். இவருடைய தமிழ் இலங்கைத் தமிழ், எங்களுடையது வேறு. பாவம், விளங்கவில்லை போலிருக்கிறது.

பாவம் என்று வேறு சொன்னார்!

பொய் சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் தாய்மொழியையே எனக்குத் தெரியாது என்று ஒரு பொய்யை, அந்த மொழியில் ஒரு சொல் அறியாத மனிசியிடம் சொல்லலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. மறுத்துப் பேசினால் இரண்டு தமிழர் சண்டை பிடிக்கிறார்கள் என்று ஆகும். பேசாமல் விட்டால் விளங்காதவள் என்று ஆகும். மடாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டுவோம், மொழி பழகட்டும் என்றார். எந்த மொழி என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மேலாளர் சிரித்தார். "டென்ஷன் ஆகாதீங்க. ஆறு மாசம் தானே, ஓடிடும்."

அன்று பின்னேரமே பதினொரு கணினிகளுக்கும் நேர விதியை மாற்றி எழுதினேன். நான் முதலில் கேட்ட அதே ஒரு பின்னேரம். பன்னிரண்டாவதாக மேலாளரின் சொந்தக் கணினி இருந்தது. 'திருத்தம் எல்லாம் மெஷினை ஸ்லோ பண்ணிடும்' என்று அவர் எதையும் அதில் இறங்க விடுவதில்லை. அன்று காலை அதுவும் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு ஓடியிருந்தது. அவர் சத்தம் போடாமல் கையால் பின்னுக்கு இழுத்து வைத்ததை நான் கண்ணாடித் தடுப்பினூடாகப் பார்த்தேன். பார்த்ததும் மனதுக்குள் ஒன்று முடிச்சுப் போட்டுக்கொண்டது. பழைய விதிப்படி அந்தக் கணினி ஒக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணித்தியாலம் குறைத்துக்கொள்ளும். புதிய விதிப்படி ஊர் உலகம் நவம்பர் முதல் ஞாயிறுதான் குறைக்கும். நடுவில் ஒரு கிழமை, திங்கள் தொடங்கி வெள்ளி வரை, அந்த மனிதர் தனியாக ஒரு மணித்தியாலம் பிந்தி வாழப்போகிறார்.

அந்த ஐந்து நாட்களுக்காக ஆறு மாதம் காத்திருந்தேன். வேலைக்கு ஒரு நாளும் பிந்தாமல் போனேன். சொன்னதையெல்லாம் செய்தேன். 'சரிங்க' என்றுகூடச் சொல்லப் பழகிக்கொண்டேன். அஹுன்ட்சிக்கில் எங்கள் கீழ் வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அக்காதான் பகலில் மகளைப் பார்த்துக்கொண்டார். "என்ன பிள்ளை, முகம் தெளிஞ்சு கிடக்கு, கடிதம் வந்திட்டுதோ?" என்று கேட்டார். "இல்லையக்கா, ஒக்டோபர் வருது" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொலைபேசியில் கணவர், "இன்னும் ஏன் இழுபடுது?" என்று கேட்கும் ஒவ்வொரு ஞாயிறும் என் வஞ்சம் புதிதாகச் சாணை பிடிக்கப்பட்டது.

ஒக்டோபர் மூன்றாம் கிழமை மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இந்த முறை எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். உங்கள் கணினியில் நேர விதி பழையது, கடைசி ஞாயிறு அது தவறாகப் பின்னுக்குப் போகும், திருத்தட்டுமா என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டேன். அவர் பதில் போடுவார் என்பதும், என்ன பதில் போடுவார் என்பதும் எனக்குத் தெரியும். ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல் வந்தது. தொடாதீங்க.

அச்சடித்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மடாமின் அறையில் கூட்டம். என் தகுதிகாண் காலம் பற்றியும் அதில்தான் முடிவு. மேலாளர் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. கைத்தொலைபேசியைக் குளிர்ச் சட்டைப் பைக்குள்ளேயே விட்டுவிடுவார். கூட்டம் என்றால் கால் மணித்தியாலம் முந்திக் கணினி கூவி அழைக்கும், அப்போதுதான் எழும்புவார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க அவருடைய கண்ணாடித் தடுப்பைத் தாண்டித்தான் நடந்தேன். திரையில் எட்டு ஐம்பத்தைந்து. அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மடாம் கால் மணித்தியாலம் காத்திருந்தார். பிறகு அரை. தொலைபேசியில் கூப்பிடட்டுமா என்று நான் கேட்கவுமில்லை. பத்தே முக்காலுக்கு மேலாளரின் கணினி கூவியிருக்க வேண்டும். ஒரு கையில் கோப்பும் முகத்தில் சிரிப்புமாக உள்ளே வந்தார். நேரத்துக்கு முந்தி வந்துவிட்ட மனிதரின் சிரிப்பு அது. மடாம் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். மேலாளர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். பழைய பாட்டையே பாடினார். என் கணினியின் நேரத்தைச் சரிபார்க்கும்படி இவரிடம் சொல்லியிருந்தேன், மறுபடியும் விளங்கவில்லை போலிருக்கிறது என்றார்.

நான் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த தாளை மேசையில் விரித்தேன். மடாம் என் கேள்வியை வாசித்தார். கீழே இருந்த பதிலை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். இது என்ன சொல் என்று என்னிடம் கேட்டார்.

"எனக்குத் தமிழ் விளங்காது, மடாம்," என்றேன், எனக்குத் தெரிந்த நல்ல பிரெஞ்சில். "அவரையே கேளுங்கள்."

அந்த நிமிடத்தை யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். மேலாளரின் காது மடல் சிவந்தது. இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். பிறகு தன் வாயாலேயே, தொடவேண்டாம் என்று அர்த்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மடாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இந்த முறை அவர் பார்த்தது என்னை அல்ல.

கடிதம் அன்றே தரும்படி உத்தரவு. பகுதி மேலாளர்தான் அடித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். வைத்துக்கொண்டு வந்து தந்தார். தாளின் அடியில் கணினி தானாகப் போட்ட நேரம் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தது.

"நேரம் பிழை. திருப்பி அடிச்சுத் தாங்கோ," என்றேன்.

"அப்போ நீங்களே வந்து மெஷினைச் சரி பண்ணிடுங்களேன்."

"தொடலாம் எண்டு எழுதித் தாங்கோ."

எழுதினார். நின்ற நிலையில், ஒரு துண்டுத் தாளில், தமிழில், 'தொடலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். பிறகுதான் அவருடைய நாற்காலியில் இருந்தேன். இரண்டு நிமிட வேலை. அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நானும் அவரை மறந்திருப்பேன். விண்ணப்பம் ஏப்ரலுக்குப் பதிலாக நவம்பரில் போனது. கணவர் அடுத்த வருட மே மாதம் வந்திருக்க வேண்டியவர், அந்த வருட நவம்பரில்தான் வந்தார். இடையில் வேறு எத்தனையோ காரணங்களும் இருந்திருக்கலாம். அவை எனக்குத் தேவையில்லை.

அந்த மே மாதம் மகள் கீழ் வீட்டு அக்காவோடு நாள் முழுக்கத் தமிழில் வாயடித்துக்கொண்டிருந்தாள். 'அப்பா, எப்ப வாறீங்கள்?' என்று தொலைபேசியைப் பறித்துக் கேட்பாள். செப்டெம்பரில் பள்ளிக்கூடம் போனாள். ஒரு மாதத்தில் பொம்மையோடு பிரெஞ்சில் பேசினாள், அடுத்த மாதம் என்னோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியைக் கண்டால் கதிரைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

விமான நிலையத்தில் அவர் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து முழங்காலிட்டு அவளைத் தூக்கக் கையை நீட்டினார். அவள் என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கத்தினாள்.

"துஷ் பா!"

அவர் நீட்டிய கையை மடக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை என்ன சொல்லுறாள்?"

தொடாதே என்கிறாள் என்று நான் மொழிபெயர்க்கவில்லை. "களைச்சுப் போனாளாம்," என்றேன்.