கணக்கு டீச்சரின் குரல்

கொரோனாவால் பள்ளியை மூடிய ஆண்டில் இணைய வகுப்புக்கென்று நான் வாங்கிய கைப்பேசித் தாங்கி இன்னும் அலமாரியில் கிடக்கிறது. கூடவே வட்ட விளக்கு ஒன்றும் வாங்கினேன். நல்ல சேலை கட்டி, சுவரில் பலகை மாட்டி, இயற்பியல் நடத்தினேன். திரையில் பெயர்கள் மட்டும் தெரியும். பாதிப் பேர் ஏலக்காய்த் தோட்டத்துப் பிள்ளைகள். மலையில் சிக்னல் நிற்காது. "கேக்குதா?" என்று நான் கேட்பதற்குள் அந்தப் பெயர்களும் ஒவ்வொன்றாக மறைந்துவிடும்.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த கணக்கு டீச்சர் என்னைவிட மிகவும் இளையவர். அவர் முகத்தையே காட்டவில்லை. சின்னச் சின்னக் குரல் பதிவுகளாகப் பேசி வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வரும்போது பிள்ளைகள் இறக்கிக்கொண்டு போய் வீட்டில் கேட்பார்கள். "அப்பு, எந்திரிச்சுப் போயி கதவப் பாதி தொற. நெலைக்கும் கதவுக்கும் நடுவுல விரியுதுல்ல, அதுதான் கோணம்" என்பார். பலகை இல்லாமல் கணக்கா என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் ஒன்று விடாமல் கேட்டேன். எங்காவது தப்பு வராதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

பள்ளி திறந்ததும் பிள்ளைகள் குரலை வைத்தே அவரைக் கண்டுகொண்டு மொய்த்தார்கள். இயற்பியல்தான் படிப்பேன் என்று என் பின்னாலேயே சுற்றிய பெண் ஒருத்தி, கல்லூரியில் கணக்கு எடுக்கப்போவதாக வந்து சொன்னாள். நல்லது என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுடைய தங்கை மட்டும் பள்ளிக்குத் திரும்பவில்லை. அழைத்துவர ஜீப்பில் மேலே போனேன். தோட்டத்துக் கொட்டகையில் அவர்களுடைய அம்மா மற்ற பெண்களோடு ஏலக்காய் தரம்பிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்றதும் எழுந்துவிட்டார்.

"போன்ல பேசுற டீச்சரு நீங்கதானா? காய் பிரிச்சுக்கிட்டே நாங்களும் கேப்போம். அஞ்சாப்போட நின்னவ நான். இப்ப எடைக் கணக்க நானே போட்டுச் சொல்றேன்."

பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் வேலைக்காலம் முழுவதிலும் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"அது நானில்ல ஆத்தா. வேற டீச்சரு."

அவர் முகம் வாடியது. சின்னவளைப் பற்றிக் கேட்டேன். வீட்டுச் சோலிக்கு ஆள் வேண்டும், பிறகு பார்ப்போம் என்று பிடிகொடுக்காமலே பேசினார். வேறு வழி தெரியவில்லை. நல்லவேளை, கொட்டகைப் பக்கம் பேசுகிற அளவுக்குச் சிக்னல் இருந்தது. கணக்கு டீச்சரைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, போனை அந்த அம்மாவிடம் நீட்டினேன். குரல் கேட்டதும் எல்லோரும் அதைச் சுற்றி நெருங்கினார்கள். நான் நகர்ந்து வாசலுக்கு வந்தேன்.

"நாளைக்கே அனுப்புறேன் டீச்சர்" என்று அந்த அம்மா சொல்வது கேட்டது. அந்த வார்த்தையை வாங்கத்தான் நான் மலையேறி வந்திருந்தேன்.