வளைத்துப் பாருங்கள் என்று நானே கேட்டேன்

போன வருடம் பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம், தேனியில் ஒரு பயிற்சி மையத்துக்கு வெல்டிங் பரீட்சை எழுதப் போனேன். எழுதப் போனேன் என்பது பேச்சுக்கு. பேனாவுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு கனமான இரும்புப் பிளேட்டைக் கொடுப்பார்கள், அதை ஒட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குச் சின்னமனூரில் வெல்டிங் பட்டறை. இருபத்திரண்டு வருஷத் தொழில். கேட், கிரில், மாடிப்படி, டிராக்டர் டிரெய்லர் என்று வந்ததையெல்லாம் செய்வேன். கொஞ்சம் தற்பெருமை பிடித்த ஆள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் உங்களுக்குத் தெரியத்தான் போகிறது. நான் செய்த கேட்டைத் தடவிப் பார்த்தாலும் வெல்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கிரைண்டர் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விட்டால் வழுவழுவென்று இருக்கும். எனக்கு ஊரில் பேரே அதனால்தான்.

பக்கத்தில் ஒரு மில்லில் நீராவிக் குழாய் போடுகிற வேலை வந்தது. ஒரு வருஷம் இழுக்கும். ஆனால் சர்டிபிகேட் வைத்திருக்கிற வெல்டர்தான் வேண்டும் என்றுவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். சர்டிபிகேட்டா வெல்டு வைக்கும், கைதானே வைக்கும் என்று ஒரு வாரம் டீக்கடையில் இதே பேச்சு. கடைசியில் என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்புட்டு நல்லா வைப்பீகன்னா போய் வச்சுக் காட்டிட்டு வாங்களேன். டீக்கடைக்காரரா உங்களுக்கு மார்க்கு போடப் போறாரு?" என்றாள்.

பரீட்சை வைத்தது ஓர் இன்ஜினியர் பெண். வயது முப்பதுகூட இருக்காது. பிளேட்டின் ஓரங்களைச் சரிவாகச் சீவி வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே சிறிய சந்து விட்டு வெல்டு வைக்க வேண்டும், மேலே தேய்க்கக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கண்ணாடி, கையுறையெல்லாம் மாட்டிக்கொண்டிருந்தேன். பாதி காதில் விழுந்தது, விழுந்ததையும் நான் மதிக்கவில்லை. எங்கள் தொழிலில் சந்து தெரிந்தால் அசிங்கம். பக்கத்தில் இருந்தவர்கள் சந்து விட்டதைப் பார்த்து, பாவம், இன்னும் பழகவில்லை போல என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். நான் இரண்டையும் நெருக்கி வைத்து, மேலே நாலு ஓட்டு ஓட்டி, கிரைண்டர் போட்டு மினுமினுவென்று ஆக்கிவிட்டேன். முதலில் முடித்ததும் நான்தான்.

அந்தப் பெண் பிளேட்டை வாங்கிப் பார்த்தது. தேய்த்துவிட்டால் நாங்கள் எதைப் பார்த்து மார்க் போடுவது என்று கேட்டது. பிறகு திருப்பிக் காட்டியது. பின்பக்கம் இரண்டு பிளேட்டும் சேருகிற இடத்தில் கோடு அப்படியே தெரிந்தது. பெயில் என்று மெதுவாகச் சொன்னது.

அதோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். வருவேனா நான்? "கோடு இருந்தா என்ன மேடம்? வளைச்சுப் பாருங்க. என் வெல்டு விடாது" என்றேன், பத்துப் பேர் கேட்கிற மாதிரி.

வளைக்க வேண்டிய அவசியமே அந்தப் பெண்ணுக்கு இல்லை. ஆனாலும் என் பிளேட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வளைக்கிற மிஷினில் வைத்து அழுத்தியது. பாதி வளைவதற்குள் டக்கென்று இரண்டு துண்டு. முறுக்குகூட இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

ஒடிந்த இடத்தை என் கையில் கொடுத்துக் காட்டியது. "மேல தோல் மட்டும்தான் பிடிச்சிருக்குண்ணே. உள்ள ரெண்டும் ஒட்டவே இல்ல. கேட்டுக்கு இது போதும். பாரம் இழுக்கிற எதுக்கும் போதாது." திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. பதினைந்து நிமிஷம் செலவழித்து, அந்தச் சந்து வழியாக அடிவரை உருகி இறங்குவதற்கு எப்படி வைக்க வேண்டும் என்று தானே ஒரு பிளேட்டில் வைத்துக் காட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டீக்கடையில் என்ன பொய் சொல்லலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். வீரபாண்டி தாண்டி, பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டிராக்டர் போனது. பின்னால் டிரெய்லரில் வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவருடைய டிரெய்லர் என் பட்டறைக்கு வந்திருந்தது. டிராக்டரோடு மாட்டுகிற முன் வளையம் விட்டுப்போயிருந்தது. நான்தான் ஒட்டினேன். இதே மாதிரி நெருக்கி வைத்து, மேலே ஓட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து. எங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து பதினாலு பெண்கள் தினமும் அதில்தான் தோட்டத்துக்குப் போய் வருகிறார்கள். ஓடுகிற வண்டியில் அந்த வளையம் ஒடிந்தால் டிரெய்லர் எந்தப் பக்கம் கவிழும் என்று யாருக்குத் தெரியும்?

தோட்டக்காரருக்கு நாலு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடி மனைவியிடம் சொன்னேன். அவள் பெயிலான கதையைக்கூடக் கேட்கவில்லை. சின்ன வெல்டிங் மிஷினையும் கிரைண்டரையும் மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திராட்சைப் பெட்டிகளை லாரியில் ஏற்றி முடித்துவிட்டு, பெண்கள் டிரெய்லரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஏறாதீர்கள் என்று கத்திக்கொண்டே முன்னால் போய் நின்றேன். வண்டியை மறிக்கிற அளவுக்கு என்ன கோபம், வீட்டில் சண்டையா என்று ஒரு அக்கா என் மனைவியைக் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தோட்டக்காரர் வந்தார். மூணு வாரமாக நல்லாத்தானே ஓடுகிறது, உனக்கு என்ன வந்தது என்றார்.

இருபத்திரண்டு வருஷப் பேர் போய்விடுமே என்றுதான் முதலில் தோன்றியது. மனைவி பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள்.

"அண்ணே, நான் வச்ச வெல்டு தப்பு. இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது" என்றேன்.

மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுத்து, பெயிண்டைத் தேய்த்து, என் வெல்டையே அறுத்துப் பார்த்தேன். தேனியில் இன்ஜினியர் பெண் சொன்னது சொன்னபடி இருந்தது. மேலே பூரி கனத்துக்கு ஒரு தோல். அதற்குக் கீழே, ஒட்டாத இரண்டு இரும்பு. குனிந்து பார்த்த பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"இம்புட்டு நாளா இத நம்பியா ஆத்தா போயிட்டு வந்தோம்?" என்று அந்த அக்காதான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது ஏச்சு விழும், விழட்டும் என்றுதான் நின்றேன். ஆனால் அவரே, "சரி விடு. மறைக்காம ஓடியாந்து சொன்னேல்ல" என்றார்.

ஓரத்தைச் சீவி, சந்து விட்டு, தேனியில் காட்டிய மாதிரியே பொறுமையாக வைத்தேன். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துப் பலப்படுத்தினேன். ஆனாலும் எனக்கே என் கை மீது நம்பிக்கை வரவில்லை. "நான் பாஸாகிற வரைக்கும் இதுல ஆள் ஏத்தாதீகண்ணே" என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் முணுமுணுத்தாலும் பெண்களுக்கு லோடு ஆட்டோ பேசிவிட்டார்.

அதோடு ஆரம்பித்தது எனக்குச் சோதனை. தினமும் காலையில் அந்த ஆட்டோ என் பட்டறை வாசலில் வேகத்தைக் குறைக்கும். பதினாலு பேரும் ஒரே குரலில், படிக்கிறாயா, இல்லை தூங்குகிறாயா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து இடுப்பு ஒடிகிறது, சீக்கிரம் பாஸாகித் தொலை என்பார் அந்த அக்கா. டீக்கடை வரைக்கும் விஷயம் போய்விட்டதால் பொய் சொல்லவும் வழி இல்லை. இரண்டு வாரமும் சாயங்காலமானால் பிளேட்டை ஒட்டுவேன், வைஸ் இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் அடித்து வளைப்பேன். முதல் எட்டும் ஒடிந்தன. ஒன்பதாவது ஒடியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு மனைவியிடம் காட்ட அடுப்படிக்கே ஓடினேன்.

இரண்டாவது தடவை தேனிக்குப் போனபோது வெல்டைத் தேய்க்காமல் வரிவரியாக அப்படியே கொடுத்தேன். மிஷினில் அழுத்த அழுத்த நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேகமலை ரோட்டுக் கொண்டை ஊசி வளைவு மாதிரி வளைந்து நின்றது, ஒரு கீறல் இல்லை. அந்தப் பெண் என்னைவிடச் சந்தோஷமாகச் சிரித்தது. அங்கிருந்து நேரே ஓடைப்பட்டிக்குப் போய், அந்த வளையத்தை மறுபடி அறுத்து, புதிதாக வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை டிராக்டர் என் வாசலில் நின்றது. பெண்கள் டிரெய்லரில் இருந்தார்கள். பாஸான பிள்ளைக்கு என்று சொல்லி அந்த அக்கா ஒரு பெட்டி திராட்சையை என் மனைவியிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை.

மில் வேலையும் கிடைத்தது, நன்றாகவே ஓடியது. சர்டிபிகேட் எடுத்தால் நமக்கு என்ன லாபம் என்று தொழில்காரர்கள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். மில் வேலையைத்தான் சொல்வேன் என்று நினைப்பார்கள், நான் அந்தப் பதினாலு பேரைச் சொல்வேன். இருபத்திரண்டு வருஷ அனுபவஸ்தர் ஆயிற்றே என்று அன்றைக்கு அந்த இன்ஜினியர் பெண் இரக்கப்பட்டு என்னைப் பாஸ் போட்டிருந்தால், அதைவிடப் பெரிய கெடுதலை எனக்கு வேறு யாரும் செய்திருக்க முடியாது.