காலண்டர் முதலாளியும் என் கல்யாணமும்

என் அப்பா ஒரு பத்திரிகை முதலாளியின் பரம பக்தர். நேரில் பார்த்ததே இல்லை. மைசூரில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சென்னைக்காரரின் நாளிதழைப் படிப்பார், அவருடைய டிவியில் செய்தி கேட்பார், அவர் போடும் காலண்டரைப் பார்த்துத்தான் எதையும் செய்வார். அதில் நல்ல நாள் இல்லையென்றால் எங்கள் வீட்டில் ஒரு பிரிட்ஜ்கூட வாங்க முடியாது.

அப்படிப்பட்டவரின் மகள் நான், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கன்னடப் பையனைக் காதலித்தேன். இரண்டு வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருந்தது. ஆடி முடிவதற்குள் கிளம்ப வேண்டும். அதற்குள் கல்யாணம் ஆகாவிட்டால் ஒரு வருஷத்துக்கு அவர் அங்கே, நான் இங்கே.

ஆனியில் வைக்கலாம் என்றார் அப்பா. வருங்கால மாமனார் தன் கன்னடக் காலண்டரைக் காட்டினார். "ஆஷாட மாசம் சார். ஆகல்லா." நமக்கு ஆடி மாதிரி அவர்களுக்கு ஆஷாடம், கல்யாணம் கூடாத மாசம். சரி, ஆஷாடம் முடிந்ததும் வைக்கலாம் என்றால், அப்பாவின் காலண்டரில் அதற்குள் ஆடி பிறந்துவிடுகிறது. இருவரும் மிக மரியாதையாக முரண்டு பிடித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார். எந்தக் காலண்டர் அதிகம் விற்கிறதோ, அதன்படி நடப்பது. தன் முதலாளி தோற்க மாட்டார் என்ற தெம்பு அவருக்கு. தேவராஜ மொஹல்லாவில் காலண்டரும் கல்யாணக் கார்டும் விற்கும் கடைக்கு எல்லோரும் போனோம்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ரெண்டுக்கும் ஒரே ஓனர்தான் சார். அந்தக் கன்னட கம்பெனியயும் அவரே வாங்கிட்டாரு."

அப்பாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மெல்லக் கேட்டார். "அப்ப அவரு வீட்டுக் கல்யாணத்துக்கு எதைப் பாப்பாரு?"

"எதையும் பாக்கல சார். ஏஜெண்டுன்னு என்னையும் கூப்பிட்டிருந்தாரு. அவரு பொண்ணுக்கு ஆடி மாசம்தான் ஆச்சு. பெரிய மண்டபம் அப்பதான் கெடைச்சுதாம்."

மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "கார்டு காட்டுங்க" என்றார். எனக்கு அந்தக் கடைக்காரரின் காலில் விழலாம்போல் இருந்தது.

ஆஷாடம் முடிந்த அதே வாரம், நட்டநடு ஆடியில், எனக்குக் கல்யாணம். அம்மா ஆடித் தள்ளுபடியில் பட்டுப்புடவைகளாக அள்ளிக்கொண்டு வந்தாள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள்தான், போயும் போயும் ஆடியிலா என்று முகம் சுளித்தார்கள். அப்பா ஒருவரையும் விடவில்லை. பந்தி பந்தியாகப் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"எங்க முதலாளி பொண்ணுக்கே ஆடியிலதான் ஆச்சு!"