சோறு போட்டவள் சொன்ன சொல்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பது வெறும் வாய் வேலை என்று நினைத்து வரும் இளசுகளுக்காக இதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் இரத்தினபுரிப் பக்கம், சிங்களத்துக்கும் தமிழுக்கும் நடுவில், நான் அந்த வேலை பார்த்தேன்.

குருவிட்டவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் மாரியாயி கூண்டில் நின்றாள். லைசன்ஸ் இல்லாமல் ஓடையோரம் மாணிக்கக் குழி வெட்டியதில் அவளும் கூட்டாம். வெட்டியவர்கள் அவள் புருஷனும் அவன் சேக்காளிகளும். போலீஸைக் கண்டதும் மகராசன்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். இவள் சோற்றுப் பானையோடு அகப்பட்டாள். எங்கள் பக்கத்துக் குழி வழக்கப்படி, சோறு போடுகிறவருக்கும் கல்லில் பங்கு உண்டு. அதுதான் வினை. குற்றவாளி என்றாகிவிட்டால் தோட்டத்தில் பேர் வெட்டிவிடுவார்கள், குடியிருக்கும் லயக் காம்பராவும் போய்விடும்.

"சம்பந்தம் இல்லைன்னு மட்டும் சொல்லு" என்று அவளுடைய லோயர் அரைகுறைத் தமிழில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குச் சிங்களம் அவளுக்கு வரும். கூண்டில் ஏறியதும் தமிழ்தான் வந்தது.

"இந்தக் குழிக்கும் உனக்கும் சம்பந்தம் உண்டா?" என்று நீதவான் கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

"இல்லைன்னு எப்பிடிங்க சொல்றது? சோறு நாந்தான் ஆக்கிக் கொண்டுபோனேன். வீட்டுக்காரரு குழிக்குள்ள நிக்கிறாரு, பட்டினி போட முடியுங்களா? நான் இதுல சிக்கிக்கிட்டேங்க."

லோயர் தலையில் கைவைத்தார். சிங்களத்தில் "சம்பந்தய்" என்றால் அவள் கதை முடிந்தது. பாவம் பார்த்து "இல்லை" என்றால் நான் எதற்கு அங்கே? "பெட்டலுனா" என்றேன். நூல் சிக்குப்பட்டாலும் மனிதர் வம்பில் மாட்டினாலும் சிங்களவர் சொல்வது அதைத்தான். சோற்றையும் விடாமல் சொன்னேன்.

"சோற்றுக்குப் பங்கு உண்டே!" என்று வழக்கை நடத்திய போலீஸ் சார்ஜன்ட் எழும்பினார்.

"உனக்கு என்ன பங்கு பேசினார்கள்?" என்றார் நீதவான்.

அவளுக்கு வந்ததே கோபம்! "புருஷனுக்குச் சோறு போட்டா பங்கு உண்டுன்னா, இந்நேரம் நான் தோட்டத்தையே வாங்கியிருப்பேனுங்க!"

ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னேன். கோர்ட்டே சிரித்தது. நீதவானும் சிரித்தார். பங்கு பேசாதவள் கூட்டாளி ஆகமாட்டாள் என்று சொல்லி, எச்சரித்து விடுதலை செய்தார்.

ஆகவே பிள்ளைகளே, கூண்டில் நிற்பவருக்கு நல்லது செய்வதாக நினைத்து அவர் சொல்லைக் குறைக்காதீர்கள். சம்பந்தத்துக்கும் குற்றமின்மைக்கும் நடுவில்தான் முக்கால்வாசிப் பேர் வாழ்கிறார்கள்.

வெளியே வந்தவளிடம், "இனியாவது அந்தாளு பக்கம் போகாம இரும்மா" என்றேன்.

"சரிங்கய்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். "நேரமாச்சுங்க. காட்டுக்குள்ள என்னத்தத் தின்னாரோ, போயி ஒல வைக்கணும்."